சரி என்று தட்டும் முன்

ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மைசூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு அந்த நெட்வொர்க்காரர் வந்தார். ஒல்லியானவர். திரையில் ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்துப் படித்த பிறகே விசையைத் தட்டுவார். நஞ்சன்கூடு கிளையில் ஒரு கர்ப்பிணிக்கு எடுத்த ஸ்கேன் படம் எங்கள் டாக்டருக்கு வந்து சேரவில்லை. அங்குள்ள நெட்வொர்க் அமைப்புகளை மாற்ற அவர் இங்கிருந்தே ஸ்கிரிப்ட் என்ற கட்டளைத் தொகுப்பை ஓடவிட்டார். உடனே இணைப்பு அறுந்தது.

"ஆயிதா?" என்று, முடிந்ததா எனக் கன்னடத்தில் கேட்டார் எங்கள் மேனேஜரம்மா.

"இருங்க மேடம். பத்து நிமிஷத்துல நான் சரின்னு தட்டலேன்னா, அதுவே பழசுக்குத் திரும்பிடும்."

"இணைப்பே போயிட்டா எப்படித் தட்டுவீங்க?" என்றேன்.

"தட்ட முடியாதுல்ல சார். அதுக்குத்தான்."

சில நிமிஷங்களில் புது அமைப்போடேயே இணைப்பு மீண்டது, படமும் வந்தது. டாக்டர் தலையசைத்தும் அவர் விரல் அந்தரத்திலேயே நின்றது.

"தட்டிட்டா அப்புறம் தானா திரும்பாது சார்."

நேரம் முடியுமுன் தட்டினார். அவ்வளவு தயங்கிச் சரி சொன்ன ஒருவரை அதன்பின் நான் பார்க்கவில்லை.