குளங்கள் மலையேறிய படம்

மெல்பேர்ணின் கிரெய்கிபர்னில் எங்கள் குசினி மேசையில் சாப்பாடு வைக்க இடமில்லாமல் போய்ப் பல நாள். கனடாவின் வடக்கு படம் படமாக அதன்மேல் விரிந்து கிடந்தது. விரித்தவள் என் மனைவி மிருணாளினி.

மிருணா நிலவியல் படித்தவள். படித்த வேலை கிடைக்காமல் பார்சல் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, எங்கே சரளை, எங்கே களிமண் என்று வரைந்து அனுப்பு, சரியாக இருந்தால் வேலை உனக்கு என்று ஒரு கனடாக் கம்பெனி சொல்லியிருந்தது. ஒருகாலத்தில் பனிப்பாறை மூடிக் கிடந்த நிலம் அது. ரோடு போடச் சரளை தேடுகிறார்களாம். அவள் கைகாட்டும் இடத்தில் ஹெலிகொப்டர் இறங்கித் தோண்டிப் பார்க்கும். அந்த நினைப்பில் அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

ஒரு வில்லங்கம்தான். படத்தில் குளங்கள் எல்லாம் மலை உச்சியில் நின்றன.

"தண்ணி எப்பிடியப்பா மேலை ஏறினது?" என்று கேட்டேன்.

"ஐஸ் என்னவும் செய்யும். நீங்கள் பேசாமல் இருங்கோ."

நான் பள்ளியில் கணக்குப் படிப்பிக்கிறவன். கல் என்றால் எனக்கு அம்மிக்கல் மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சனிக்கிழமை தேத்தண்ணியோடு அவளுக்கு எதிர்ப்பக்கக் கதிரையில் இருந்தபோது வாய் சும்மா இருக்கவில்லை.

"உந்த நீள அணைக்கட்டு ஆர் கட்டினது?"

"எந்த அணைக்கட்டு? அது பள்ளம்."

"எனக்கு மேடாத்தான் தெரியுது. இஞ்சை வந்து பாரும்."

அவள் சுற்றி வந்து, என்னைக் கதிரையிலிருந்து தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தாள். பிறகு வீடே அதிரக் கத்தினாள்.

"நிழல்! ஐயோ, நிழலப்பா!"

மெல்பேர்ணில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், நிழல் தெற்கே விழும். கனடாவில் எல்லாம் மறுவளம், நிழல் வடக்கே விழும். இந்த ஊர்ப் படங்களில் பழகிய கண், மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் பார்த்துவிட்டது. எதிர்ப்பக்கமிருந்து தலைகீழாகப் பார்த்த எனக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது. "முதலாம் வருஷத்திலை படிச்சது!" என்று தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள். குளங்கள் மரியாதையாகப் பள்ளத்துக்குள் இறங்கின. அவள் பள்ளம் என்றது, பனிக்கடியில் ஓடிய ஆறு கொட்டிவிட்டுப்போன சரளை மேடாக எழும்பி நின்றது. அனுப்ப வேண்டிய நாளோ திங்கள். கனடாவைத் தலைகீழாக வைத்துக்கொண்டு முழுவதையும் திருப்பி வரைந்தாள். நான் நின்றபடியே சோறு தின்றேன். கண்டுபிடித்தது நான் என்று அடிக்கடி சொல்லிக் குட்டும் வாங்கினேன்.

ஓகஸ்டில் கம்பெனியிடமிருந்து ஒரு படம் வந்தது. அந்த மேட்டில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன், கை நிறையச் சரளையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். எப்போது வேலையைத் தொடங்கலாம் என்று கீழே கேட்டிருந்தார்கள்.

மிருணா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். பிறகு, இனி வரமாட்டேன் என்று சொல்லப் பார்சல் கிடங்குக்குப் போன் போட்டாள். தொடங்கும்போதெல்லாம் சிரிப்பு வந்து சொல்ல முடியவில்லை. மேற்பார்வையாளர் பயந்துபோய், உடம்பு சரியில்லையென்றால் இன்றைக்கு லீவு எடு என்றார்.

"ஐயோ, நீங்கள் சொல்லுங்கோ," என்று போனை என்னிடம் நீட்டினாள்.

வாங்கிக் காதில் வைத்தேன். சந்தோசத்தில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.