தனம் பார்த்த கத்தி

நெய்வேலிச் சுரங்கத்தில் கேபிளின் ரப்பர் உறையை மடக்குக் கத்தியால் சீவுவது என் வேலை. ஒரு நாள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, அந்தக் கத்தியால் கொடிக்கயிறு அறுத்துக்கொண்டிருந்த என் மனைவி தனம், "இத எடுத்துக்கினு போவாதீங்க. விரிச்சா ஆடுது, லாக் தேஞ்சுபோச்சு" என்றாள்.

"நாலு வருஷமா என் கையில இருக்குது, எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தேன்.

அவள் கத்தியை விரித்தாள். கத்தி மடங்கும் வழியிலிருந்து விரல்களை விலக்கிக்கொண்டு, அதன் முதுகை நிலைக்கட்டையில் மெல்ல அழுத்தினாள். அலகு பட்டென்று கைப்பிடிக்குள் மடங்கிக்கொண்டது. வழக்கமாக என் விரல்கள் இருக்கும் இடம் அது! தினமும் பிடித்த எனக்குத் தெரியாததை, ஒரு கயிறு அறுத்ததிலேயே கண்டுபிடித்துவிட்டாளே என்று அசந்துபோனேன்.

அன்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், மறுநாளே மந்தாரக்குப்பத்தில் புதுக் கத்தி வாங்கினேன். அதையும் தனம் செய்தபடியே அழுத்திப் பார்த்த பிறகுதான் தினமும் வேலைக்கு எடுத்துப்போகிறேன்.