இடி லாபிர் வீட்டு இன்டர்நெட்

வவுனியா பட்டாணிச்சூரில் லாபிரின் வீடு எது என்று கேட்டால், எந்த லாபிர் என்று திருப்பிக் கேட்பார்கள். இடி லாபிர் என்றால் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். மனிதர் பஜாரில் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். கடையில் எத்தனை பேர் நின்றாலும் சரி, வானம் ஒரு பக்கம் கறுத்தால் போதும், நிறுத்துக்கொண்டிருந்த கருவாட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிவிடுவார். வீட்டுக்கு வந்து ரீவி வயர், பிரிட்ஜ் வயர், டெலிபோன் வயர் எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டு, அலுமாரிக் கண்ணாடியைச் சாரத்தால் மூடிய பிறகுதான் மூச்சு விடுவார். பாதி நாள் மழையே வராது. அதற்காக வெட்கப்படுகிற ஆளுமில்லை.

இந்த வீட்டுக்குத்தான் இரண்டாயிரத்து ஏழில் இன்டர்நெட் வந்தது. மகள் ஷிஹானாவின் புருஷன் சப்ராஸ் டோஹாவில் வேலை. குழந்தை பர்வின் பிறந்தது அவன் போன பிறகு. எட்டு மாதப் பிள்ளையை அவன் கமராவில்தான் பார்த்திருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் அறைக்கு வந்து கூப்பிடும்போது வவுனியாவில் பின்னேரம் மூன்றரை ஆகும். ஐப்பசியில் இடி இடிக்கிற நேரமும் அதுதான். யாரைக் குறை சொல்வது?

"வாப்பா, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று ஷிஹானா கெஞ்சுவாள். அந்தச் சொல்லைக் கேட்டால் லாபிருக்கு முகம் கறுத்துவிடும். வயரைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பார். சப்ராஸ் பாதி வாய் திறந்தபடி திரையிலிருந்து மறைந்துபோவான்.

அது மழைக்காலத்துப் பிரச்சினை என்று விடலாம். ஆனால் கார்த்திகை பிறந்த பிறகு, பளிச்சென்ற வெயிலிலும் லைன் அறுந்தது. டெலிபோனை எடுத்தால் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே இரைச்சல். ஒரு வெள்ளிக்கிழமை ஏழு தரம் அறுந்தது. ஏழாம் தரம் சப்ராஸ் டெலிபோனில் கூப்பிட்டான்.

"அங்க வெயில் எண்டு நீதானே சொன்னனீ. வெயிலுக்குமா உங்கட வாப்பா வயரைக் களட்டுறார்? அவருக்கு என்னைப் பிடிக்காது, அது எனக்குத் தெரியும். என்ர பிள்ளையை எனக்குக் காட்ட விருப்பமில்லையெண்டா நேர சொல்லட்டும். நான் இனி எடுக்கேல்ல."

இரைச்சலுக்குள்ளும் அது லாபிரின் காதில் விழுந்தது. சம்பந்தம் பேசி வந்தபோது இந்தப் பெடியன் வேண்டாமென்று முகத்தைத் திருப்பியவர் அவர்தான். அதை யாரும் மறக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அவர் வயரைத் தொடவேயில்லை. செய்யாத குற்றத்துக்கு மகள் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தது அவரை உலுக்கிவிட்டது. அடுத்த நாள் காலையிலேயே போய், வீட்டு லைன் திருத்துகிற ராஜரத்தினத்தைக் கையோடு கூட்டிவந்தார்.

ராஜரத்தினம் வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து, தன் டெலிபோனைக் கொழுவிக் கேட்டார். "இதில ஒரு சத்தமுமில்ல அண்ணை. கரகரப்பு உங்கட வீட்டுக்குள்ளதான்." உள்ளே வந்து ரவுட்டரில் செருகியிருந்த வயரின் முனையைத் தூக்கிப் பார்த்தார். கவ்விப் பிடிக்கிற பல் முறிந்து, மருந்துப் பிளாஸ்டர் சுற்றி, உள்ளே இருந்த கம்பி வெளியே தெரிந்தது.

"ஆர் இதை மாட்டுவாலைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இழுக்கிறது?"

ஷிஹானா நிலத்தைப் பார்த்தாள். லாபிர் தொண்டையைச் செருமினார். "இடிக்குக் களட்டத்தானே வேணும்?"

"கட்டாயம் களட்டோணும். சனம் கரண்ட் வயரை மட்டும் களட்டிப்போட்டு டெலிபோன் வயரை விட்டிடும், இடி அதால வந்திடும். இந்த ஒழுங்கையில இந்த மழைக்கு நாலு ரவுட்டர் எரிஞ்சு போச்சு, உங்கடது தப்பியிருக்கு. ஆனா வயரை இழுக்கக்கூடாது. இந்தப் பல்லை அமத்தி, முனையைப் பிடிச்சுக் களட்டுங்கோ."

புது முனை போட்டதும் இரைச்சல் நின்றுவிட்டது. லாபிர்தான் கலங்கிப்போனார். இத்தனை நாள் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து இழுத்த கையே லைனை அறுத்திருக்கிறது. மருமகன் சொன்னது பொய்யில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றரை தாண்டியும் சப்ராஸ் கூப்பிடவில்லை. லாபிர் கடைக்குப் போகாமல் கதிரையை இழுத்துக் கொம்பியூட்டருக்கு முன்னால் போட்டார். "நீ எடு மகள். நான் கதைக்கிறன்."

சப்ராஸின் முகம் திரையில் வந்தது. மாமனாரைக் கண்டதும் இறுகியது.

"மகன், வெயிலுக்கு லைன் அறுந்ததும் என்னாலதான். இழுத்து இழுத்து நான்தான் பழுதாக்கியிருக்கிறன்" என்றார் லாபிர். பிறகு கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார். "நாயாத்துக் கடற்கரையில நாங்க கரைவலை இழுக்கிற காலம். என்ர தம்பி ஸஜாத், 'காக்கா, இடி இடிக்குது, விட்டிட்டுப் போவம்' எண்டான். நான்தான், 'இன்னும் ரெண்டு நிமிஷம், வலை கரைக்கு வந்திட்டுது' எண்டனான். கயித்தைப் பிடிச்சபடியே விழுந்தான். பத்தொன்பது வயசு."

ஷிஹானா வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவாப்பா இடி விழுந்து மௌத்தானது அவளுக்குத் தெரியும். அந்த இரண்டு நிமிடம் தெரியாது. எத்தனை தரம் அதையே சொல்லிக் கெஞ்சியிருக்கிறாள்.

ஷிஹானா குழந்தையைக் கொண்டுவந்து லாபிரின் மடியில் வைத்தாள். பர்வின் திரையைக் கையால் அடித்துச் சிரித்தது. லைன் அறுபடவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம், சப்ராஸ் ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு இரண்டு பல் முளைத்திருப்பதை அன்றைக்குத்தான் கண்டான்.

அப்போது தூரத்தில் இடி குமுறியது. லாபிரின் கை வயர்ப் பக்கம் போய், பாதியில் நின்றது. பிள்ளையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ஸஜாத் போன பிறகு முதல் தடவையாக, இடி கேட்டும் வயரைத் தொடாமல் இருந்தார்.

சப்ராஸுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் குனிந்தான்.

"மாமா, இப்பவே களட்டுங்கோ. நான் நாளைக்கு எடுக்கிறன்."

லாபிர் தலையை ஆட்டினார். பல்லை அமத்தி, முனையைப் பிடித்து, மெல்லக் களட்டினார்.