மைதீன் பாய் டெல்லியில் போட்ட ரூம்

மைதீன் பிச்சை பாயைப் போல ஒரு நல்ல மனுஷரை இரும்புலியூர் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் சொல்லப்போவது முழுக்க அவர்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம்தான். நல்லவர் என்று சொல்ல அப்புறம் எனக்கு மனசு வருமோ வராதோ.

நானும் அவரும் எதிரெதிர் ஃபிளாட். என் பெயர் ஞானாம்பாள். ரயில்வேயில் ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்து ரிடையர் ஆனவள். "தேதியை ஒழுங்கா எழுதிட்டு வாங்க, அடுத்தது யாரு" என்று காலமெல்லாம் கத்திக் கத்தி என் வாய் இப்படி ஆகிவிட்டது. பாய்க்குச் செம்பாக்கத்தில் மெயின் ரோட்டின் மேலேயே மெத்தைக் கடை. வாங்க வருகிறவர்களைப் படுத்துப் பார்க்க வைக்காமல் அவர் விட மாட்டார். கல்யாணத்துக்குக் கட்டில் மெத்தை எடுக்க வரும் பெண்கள் வெட்கப்பட்டால், "இன்னா பாப்பா, பத்து வருஷம் தூங்கப் போறே, ரெண்டு நிமிசம் படுத்துப் பாக்க வெக்கமா" என்பார். அவர் வாயில் அது தப்பாகவே தோன்றாது. அடுத்தவருக்கு முதுகு வலிக்கக் கூடாது என்று நிஜமாகவே கவலைப்படுகிற மனுஷர்.

அவருக்கு ஒரே மகள், ரூக்சார். கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சிறுசேரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதே வேலையில் இருந்த வாஜித் என்ற பையனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணமான கையோடு அவனுக்கு டெல்லியை ஒட்டி நொய்டாவில் வேலை கிடைத்தது. இவள் தன் வேலையை விட்டுவிட்டு அவனோடு போனாள். போகிற அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை. சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்?

முதல் வருஷம் தினமும் வீடியோவில் வருவாள். என்னைக்கூடக் கூப்பிட்டு, "ஆன்ட்டி, இங்க முருங்கைக்காய் ஒண்ணொண்ணா விக்கிறாங்க" என்று சிரிப்பாள். போன தீபாவளிக்கு அப்புறம் முகம் காட்டுவது நின்றுபோனது. நெட் சரியில்லை என்று குரல் மட்டும் வரும். பாயின் மனைவி ஷம்சாத் என் சமையலறையில் வந்து நின்றுகொண்டு, "அக்கா, அவ சிரிக்கிறது எனக்குத் தெரியாதா? இது அவ சிரிப்பு இல்ல. என்னமோ சரியில்ல. அவ வீட்ல போய் நாலு நாள் கூட இருந்து பாத்தாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்றாள். பெற்றவள் வயிறு பொய் சொல்லாது. நானும் உடனே கிளம்பு என்றேன்.

இங்கேதான் பாய் குறுக்கே வந்தார். போகலாம், ஆனால் மகள் வீட்டில் தங்கக் கூடாது என்றார். அவர்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம். கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு ஒரு குழந்தை பிறக்கும்வரை பெற்றவர்கள் அந்த வீட்டில் படுக்கக் கூடாது. பாயைப் பெற்ற அத்தா தன் மகள் வீட்டுக்கு ஸ்வீட் டப்பாவோடு போய், ஒரு டீயைக் குடித்துவிட்டு, வெயிலிலேயே திரும்பி வந்துவிடுவாராம்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்லுவாங்கோ மேடம். பொண்ணு வூட்ல மூணு மணி நேரமே ஜாஸ்தி. மாப்ள இன்னா நெனப்பாரு? வேவு பாக்க வந்துகினாங்கன்னு நெனக்க மாட்டாரு?" என்றார்.

"வேவு பாக்கத்தானே பாய் போறீங்க" என்றேன்.

"அய்ய, நீங்க வேற. நாங்க குளிர் காலத்துல டெல்லி சுத்திப் பாக்கப் போறோம். அப்டியே பொண்ணையும் பாக்கறோம்."

சொந்த மகளைப் பார்க்கப் போவதற்கு அந்த மனுஷருக்கு ஒரு சுற்றுலா தேவைப்பட்டது. அதற்கு ஒரு ஹோட்டலும் தேவைப்பட்டது. ரூம் போட்டு யோசிப்பார்கள் என்று நம் பிள்ளைகள் கிண்டல் செய்வார்களே, இவர் ரூம் போடுவதற்கே மார்கழி பூராவும் யோசித்தார். கடையை மூடிவிட்டு வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு என் ஃபிளாட்டுக்கு வந்துவிடுவார். தங்கிவிட்டுப் போனவர்கள் இங்கிலீஷில் எழுதி வைத்திருப்பதை நான் படித்துச் சொல்ல வேண்டும். ஹீட்டர் இருக்கிறதா, லிஃப்ட் இருக்கிறதா, ஹலால் சாப்பாடு பக்கத்தில் கிடைக்குமா, தொழ ஒரு மசூதி நடக்கிற தூரத்தில் இருக்கிறதா என்று கேட்பார். ஷம்சாத்துக்கு மூட்டு வலி என்பதால் மெட்ரோவுக்கு ரொம்ப நடக்கக் கூடாது. படுக்கையின் போட்டோவை விரலால் பெரிசாக்கிப் பார்த்து, "இது நடுவுல குழி விழுந்துகீது மேடம், வேணாம்" என்று நல்ல நல்ல ஹோட்டலையெல்லாம் தள்ளினார்.

நொய்டாவிலேயே ஒரு ஹோட்டல் கிடைத்தது. சுத்தமானது, ஹீட்டர் உண்டு, ரூக்சாரின் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். வீட்டில்தான் தங்க மாட்டேன் என்கிறீர்கள், இதையாவது போடுங்கள் என்று நானும் ஷம்சாத்தும் மாற்றி மாற்றிச் சொன்னோம். அவ்வளவு பக்கத்தில் இறங்கிவிட்டு வீட்டுக்கு வராமல் ஹோட்டலில் தங்கினால் மாப்பிள்ளைக்கு அது இன்னும் அவமானம் என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று எனக்கே பழமொழி சொன்னார். கடைசியில் கரோல் பாக்கில் ஒரு ஹோட்டலைப் பிடித்தார். மெட்ரோ பக்கம், மசூதி பக்கம், கடைத்தெரு பக்கம், செங்கோட்டை பக்கம். ரூக்சார் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூரம். எனக்கு வந்த கோபத்தில் போனை அவர் கையில் கொடுத்து, "நீங்களே அமுக்கிக்கங்க பாய்" என்றேன். அமுக்கினார். ரொம்ப திருப்தி அவருக்கு.

தாம்பரம் மார்க்கெட் ரோட்டில் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் வாங்கிக்கொண்டு ஜனவரியில் போனார்கள். அங்கே நடந்ததை ஷம்சாத் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முதல் நாள் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வாஜித் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான், வீட்டிலிருந்தே வேலை என்றான். மரியாதையாகத்தான் பேசினான். ரூக்சார் இளைத்துப்போயிருந்தாள். இரண்டாவது அறையில் இவர்களுக்காகப் புது விரிப்பு விரித்து, இரண்டு ரஜாய்ப் போர்வை மடித்து வைத்து, தலைமாட்டில் தண்ணீர் சொம்புகூட வைத்திருந்தாள். "நாலு நாள் இங்கயே இருங்க அத்தா. ஹோட்டலை கேன்சல் பண்ணிக்கலாம்" என்றாளாம். பாய் சிரித்துக்கொண்டே, "நல்ல ரூமும்மா அது, நீ வந்து பாரேன்" என்றிருக்கிறார். டீயைக் குடித்துவிட்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிட்டார். ஷம்சாத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். மகள் வாசலில் நின்றவள் நின்றபடியே இருந்தாளாம்.

மறுநாளிலிருந்து ரூக்சாரே மெட்ரோ பிடித்துக் கரோல் பாக்குக்கு வர ஆரம்பித்தாள். காலையில் வந்து, குளிருக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல், ஹோட்டல் கட்டிலில் விழுந்து தூங்குவாள். செங்கோட்டைக்கு வரவில்லை, கடைத்தெருவுக்கு வரவில்லை. தூங்கினாள். சாப்பிட எழுப்பினால் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினாள். பாய் அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். கூடவே அவர் குரல்: "பாத்தீங்களா மேடம், நம்ம செலக்சன். மெத்தை அப்டி."

நான் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டப்பகலில் ஒரு பெண் பிள்ளை, செருப்புக் காலோடு, சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிக்கொண்டு தூங்குகிறது. மெத்தைக் கடைக்காரருக்கு மெத்தை மட்டும்தான் தெரிந்தது. உடனே ஷம்சாத்துக்கு போன் போட்டு, அவளைத் தனியாக வைத்துக் கேள் என்றேன். தனியாக எங்கே கேட்பது? ஒரே அறை. பாய் எந்நேரமும் பக்கத்தில். "ஒண்ணுமில்லம்மா, வேலை ஜாஸ்தி" என்றுவிட்டாள். அத்தா எதிரே புருஷனைக் குறை சொல்லி அந்தப் பெண்ணுக்குப் பழக்கமில்லை.

கடைசி நாள் சாயங்காலம், இவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது ரூக்சார் கேட்டிருக்கிறாள்.

"அத்தா, இன்னிக்கு ஒரு நாள் நான் இங்கயே படுத்துக்கறேனே."

"இன்னாம்மா, சின்னப் புள்ளையாட்டம். மாப்ள தனியா கீறாரு. ஒண்டி ஆளா இன்னா சாப்புடுவாரு?"

"ஒரே ஒரு நாள்."

"நாள பின்ன பேச்சு வரும்மா. கெளம்பு, நானே வந்து வுட்டுட்டு வரேன்."

ஷம்சாத் இருக்கட்டுமே என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் கேட்கவில்லை. அந்தப் பனியில் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, மகளைத் தானே மெட்ரோவில் கூட்டிப்போய், வீட்டு வாசலில் வாஜித்தின் எதிரே நிறுத்தி, "வரேன் மாப்ள, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மகள் அந்த இரண்டாவது அறையில் விரித்த விரிப்பு அன்றைக்கும் கசங்காமல் இருந்திருக்கும்.

ஊருக்கு வந்ததும் பாய் சந்தோஷமாகத்தான் இருந்தார். மாப்பிள்ளை தங்கம் என்றார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கரோல் பாக் ஹோட்டலைச் சிபாரிசு செய்தார். ஷம்சாத் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் காலையில் என் போன் அடித்தது. ரூக்சார். "ஆன்ட்டி, நான் தாம்பரத்துலதான் இருக்கேன்" என்றாள். மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனை ஒட்டின ஒரு லாட்ஜின் பெயரைச் சொல்லி, "அம்மாகிட்ட நான் பத்திரமா இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டாள். அதை மட்டும் சொல்லிவிட்டு நான் எப்படிச் சும்மா இருப்பது? பாயையும் ஷம்சாத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி நெடுக பாய், "நம்ம வூடு கூப்டு தூரத்துல கீது, லாட்ஜுல இன்னாத்துக்கு" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தாள். இடது மணிக்கட்டில் கட்டு. கன்னத்தில் பழைய காயம் மஞ்சளாகிப் போயிருந்தது. ஷம்சாத் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாய் வாசலிலேயே நின்றார். "இன்னாம்மா இது. நம்ம வூட்டுக்கு வா."

"வரல அத்தா. கட்டிக் கொடுத்த பொண்ணு புருஷன் இல்லாம பெட்டியோட வந்து நின்னா, பேச்சு வராதா? சிறுசேரில வேலைக்குக் கேட்டிருக்கேன். கிடைக்கிற வரைக்கும் இங்க இருந்துக்கறேன்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. எதையோ கூட்டிக் கழித்து முடித்துவிட்டவள் போல நிதானமாகச் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல் மிச்சத்தையும் சொன்னாள். வாஜித்துக்குப் போன செப்டம்பரிலேயே வேலை போய்விட்டது. வெளியே சொல்லக் கூடாது என்று அவளுடைய போனை வாங்கி வைத்துக்கொண்டு, அவன் எதிரில் மட்டும்தான் பேச விட்டான். அப்புறம் கை நீட்ட ஆரம்பித்தான். ராத்திரியில் தூங்க விடமாட்டான்.

"நீங்க பக்கத்து ரூம்ல படுத்திருந்தா அந்த நாலு நாளாவது சும்மா இருந்திருப்பார். நீங்களே பாத்துத் தெரிஞ்சுக்குவீங்க, நான் வாயைத் திறந்து சொல்ல வேணாம்னு இருந்தேன். அதுக்குத்தான் படுக்கை போட்டேன்" என்றாள்.

"சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் பாய்.

"படுத்துக்கறேன்னு கேட்டேனே அத்தா."

கீழே ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது முழுக்கப் போய் முடிகிறவரைக்கும் பாய் அந்த நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுவார் என்று நினைத்தேன், மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அந்த மனுஷருக்கு அதற்கெல்லாம் வார்த்தை தெரியவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சுடுதண்ணி வருதாம்மா?"

"வருது அத்தா."

ஷம்சாத் செருப்பைக் கழற்றினாள். அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க போங்க. நான் என் பொண்ணு வீட்ல தங்கிக்கறேன்" என்றாள்.

அவர்கள் இரண்டு பேரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பாய் தினமும் கடைக்குப் போகிற வழியில் லாட்ஜுக்கு டிபன் கொண்டுபோகிறார். கதவைத் தட்டி, கேரியரை நீட்டி, கொஞ்ச நேரம் நிற்கிறார். உள்ளே வாங்க என்று ரூக்சார் இன்னும் சொல்லவில்லை.