மலை வீட்டின் நாலு படி

கள்ளக்குறிச்சியில் மரவள்ளிக் கிழங்கு மண்டி வைத்திருப்பவர்களில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான் ஒருவன்தான். மூட்டை தூக்கிய கையால் மண்டி கட்டினேன், லாரி வாங்கினேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். அந்த லாரியின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போதுதான் விழுந்தேன். கூலியாட்கள் போடும் முடிச்சு எனக்குப் பிடிக்காது. முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக, சங்கராபுரம் ரோட்டில் இருந்த ஒரு மறுவாழ்வு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பதினோரு மாதம் இருந்தேன். என் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். வீட்டில் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஒரே கூடத்தில் எட்டுக் கட்டில். எட்டுப் பேரும் ஆண்கள், எல்லாரும் எங்கேயாவது விழுந்தவர்கள். காலையில் ராகிக் கூழ், பிறகு பயிற்சி, மத்தியானம் ரேடியோ. சக்கர நாற்காலியில் ஒரே இருப்பாக உட்கார்ந்திருந்தால் பின்பக்கம் புண் வந்துவிடும். வலி தெரியாததால் புண் வந்ததே தெரியாது. அதனால் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, மண்டியில் சொல்வதுபோல "தூக்கு!" என்பேன். எட்டு உடம்பும் ஒன்றாக எழும்பும். சமையல்கார அம்மா பயந்து கரண்டியைப் போட்டதும் உண்டு.

"ணா, இப்படியா கத்துவீங்க? நாங்க இன்னா மூட்டையா?" என்பான் பக்கத்துக் கட்டில்காரன்.

"மூட்டை எவ்வளவோ தேவலைய்யா, வாயாடாது."

அவன் கல்வராயன் மலைக்காரன். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் வீடு. புளி உலுக்க ஏறியவன் கிளையோடு வந்துவிட்டான். முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு மண்டி எப்படியோ, அவனுக்கு அந்த வீடு அப்படி. சாமை விதைக்கிற நிலமும் பெண்டாட்டியும் இரண்டு மாடும் அங்கேதான். கையில் என்னைவிட பலம் அதிகம், கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானாகவே தாவிவிடுவான். ஆனாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். பயிற்சி தரும் பிசியோ அம்மா ஒரு விதி வைத்திருந்தார். வாசலில் இருந்து அடுப்பங்கரை வரை யார் கையும் படாமல் தானாகப் போய்ச் சேர வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அனுப்புவார். தூக்கிவிட ஆள் இருக்கிறது என்று நம்பிப் போனவர்கள், அந்த ஆள் வேலைக்குப் போனதும் படுக்கையிலேயே கிடந்து புண்ணோடு திரும்பி வந்ததைப் பார்த்தவர் அவர்.

மலை வீட்டுக்கு முன்னால் நாலு படி. அதைத் தாண்ட முடியாவிட்டால் சின்னசேலத்தில் அண்ணன் வீட்டோடு போய்விட வேண்டியதுதான் என்று பேச்சு. "அங்க போயி இன்னா பண்றது? பஸ்ஸை எண்ணிக்கினு குந்தியிருக்கணுமா?" என்பான்.

படிமேல் சாய்தளம் போடும் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முப்பது வருஷமாகச் சாய்தளத்தில் மூட்டை ஏற்றியவன். யாரிடமும் கேட்காமல், போனிலேயே என் மேஸ்திரியை மலைக்கு அனுப்பினேன். "எட்டடி நீளம், நல்லா சிமெண்ட் போடு" என்றேன். நான்கே நாளில் முடிந்தது. மலைக்காரனிடம்கூடச் சொல்லவில்லை.

வீட்டைப் பார்க்கப் போகும் நாளில் இல்லத்து வேனில் நானும் ஏறிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவு வளைவாக ஏறினோம். வேனிலிருந்து இறக்கி, வீட்டைச் சுற்றி முன்வாசலுக்குத் தள்ளிப்போனார்கள். சாய்தளத்தைப் பார்த்ததும் அவன் கண் நிறைந்துவிட்டது. நான் மீசையைத் தடவினேன்.

அவன் நாற்காலியைத் திருப்பி, மூச்சைப் பிடித்து ஏறினான். பாதி தூரம் போனான். முன்சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் எழும்பின. அவன் பெண்டாட்டி அலறினாள். பின்னாலேயே வந்த பிசியோ அம்மா பிடித்திராவிட்டால் மண்டை தரையில் மோதியிருக்கும்.

"யாரு கட்டுனது இது?" என்றார்.

"நாந்தாம்மா. எங்க மண்டியில இதே கணக்குதான்."

"மண்டியில மூட்டை தானா ஏறுதுங்களா?"

என் சாய்தளத்தில் ஏறிய ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால் நாலு பேர் தள்ளினார்கள். அந்த நாலு பேரை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தானாக ஏறுகிறவனுக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டுமாம். நாலு படி இரண்டரை அடி உயரம், அதற்கு முப்பதடி. அந்த வீட்டு முன்வாசலோ பன்னிரண்டடிதான், அதற்கப்புறம் பள்ளம். அம்மா அளவு நாடாவைச் சுருட்டினார். "அண்ணன் வீட்டையும் ஒருதரம் பார்த்துடலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அவன் தலையைத் தொங்கப்போட்டான். அவன் பெண்டாட்டிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் வீட்டுமேல் காட்டினாள்.

"இந்த வூடே ஆவாதுங்க. முன்னால பள்ளம், பின்னால மேடு. மழ வந்தா மண்ணு சரிஞ்சி பின்சுவரு ஊறிக்கினே கெடக்கும். அந்த மண்ண வெட்டிப் போடுன்னு வருஷா வருஷம் சொன்னேன், இந்த சோம்பேறி கேட்டானா?"

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "பின்னால மண்ணு இப்ப எதுவரைக்கும் கீது?"

"எதுவரைக்குமா? உள்தரைக்கு சமமா வந்துட்சி!"

பிசியோ அம்மா சுருட்டிய நாடாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். வேன் வந்து நின்ற பாதையும் அந்த மேட்டில்தான் போகிறது. பின்சுவரில் ஒரு வாசல் உடைத்தால் படியே இல்லை, ஏற்றமே இல்லை.

"அது சாமைக் குதிர் வெக்கிற சுவராச்சே" என்று அவள் இழுத்தாள். பிறகு அவளே, "குதிருக்கு இன்னா, காலா இல்ல? நவத்தி வெச்சிக்கலாம்" என்றாள்.

"பாத்தியா, உன் பேச்சக் கேட்டு வெட்டியிருந்தா இன்னிக்கி இன்னா ஆயிருக்கும்?" என்றான் அவன். பத்து மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வாசலை என் ஆட்கள்தான் உடைத்து நிலை வைத்தார்கள். இந்த முறை பிசியோ அம்மா அவன் நாற்காலியின் அகலத்துக்கு ஒரு குச்சியை அளவாக நறுக்கிக் கொடுத்தார். மேஸ்திரியிடம் போனில் ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. தண்ணீர் ஒதுங்க ஓரத்தில் வாய்க்கால் வெட்டினார்கள்.

மறுபடி போனபோது மழை விட்ட காலை. ஊர்க்காரர்கள் பத்துப் பேர் மேட்டில் நின்றார்கள். யாரும் தொடக்கூடாது என்று அம்மா சொன்னதால் எல்லாரும் கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். அவன் சக்கரத்தைத் தள்ளினான். நிலையருகே ஒரு நொடி நின்றான். தள்ளிவிடப் போய்விடாமல் என் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன். உள்ளே போனான். பாத்திரம் ஒன்று உருண்டது. அடுப்பு வரை போய்விட்டான் என்று அவன் பெண்டாட்டி அழுதுகொண்டே எட்டிப் பார்த்துச் சொன்னாள். அம்மா தன் நோட்டில் எதையோ எழுதினார்.

வேனுக்குத் திரும்பலாம் என்று நாற்காலியைத் திருப்பினேன்.

"இன்னாணா, வூடு வரைக்கும் வந்துட்டு வெளியவே குந்திகினு கீறீங்க? உள்ள வாங்க" என்று உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

விழுந்த நாளிலிருந்து நான் யார் வீட்டுக்கும் விருந்தாளியாகப் போனதில்லை. எல்லா வீட்டுக்கும் படி இருக்கிறது. என்னைத் தூக்கிப் போவார்கள் என்பதற்காகவே கல்யாணத்துக்குக்கூடப் போவதை விட்டிருந்தேன். என் நாற்காலி அவனுடையதைவிட அகலம், விலையும் அதிகம். நிலையில் இரண்டு பக்கமும் என் விரல் முட்டி உரசித் தோல் போயிற்று. யாரும் தள்ளவில்லை, நானே உள்ளே போய்விட்டேன்.

அவன் குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான்.