சேசு என்றால் குனியும் தலை

ஆவூர் ஜாஸ்பினுக்குப் புதுக்கோட்டை ஸ்கேன் சென்டரில் பதினோரு வருடமாக ஒரே வேலை: அடுத்தவர் தலை ஆடியதைச் சரிசெய்வது. மூளைக்குள் நரம்புகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்க்கும் எம்.ஆர்.ஐ.க்கு ஒரே தலையை எழுபது முறை படம் பிடிக்க வேண்டும். நடுவில் இம்மி நகர்ந்தாலும் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. அசையாவிட்டாலும் மூக்குக்கு மேலே, காற்று நிற்கும் இடத்தருகே, படத்தில் மூளை இழுத்துவிட்ட மாதிரி கோணிக்கொள்ளும். இரண்டையும் கணினியில் நேராக்கி மருத்துவருக்கு அனுப்புவாள். வந்தவர் யார், பிறகு என்ன ஆனார் என்று விசாரிக்கமாட்டாள். விசாரித்தால் சோறு இறங்குமா?

அந்தச் செவ்வாய்க்கிழமை படுத்திருந்தது அவள் அம்மா ஜெபமாலையம்மாள். இடப்பக்க மூளையில் கட்டி. பேச்சுக்கான நரம்புகள் கட்டியை விட்டு ஒதுங்கி ஓடினால் திருச்சி மருத்துவர் ஆபரேஷன் செய்வார். கட்டிக்குள்ளேயே ஓடினால் தொடமாட்டார். ஜாஸ்பினுக்கு அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. கை மட்டும் வேலை பார்த்தது.

முதல் படம் பாழ். அசைவைக் காட்டும் கோடு, சொல்லிவைத்தாற்போல் பதினைந்து நொடிக்கு ஒருமுறை எகிறியிருந்தது. கணினி தலையைப் பழைய இடத்தில் நிறுத்தும். அசைந்த நொடியில் படத்தில் கருத்துப்போன இடத்தை மீட்காது. இருமல் இப்படி வராது, விக்கலும் வராது. சந்தேகம் தட்டவே, கடிகாரத்தைப் பார்த்தபடி செபமாலையில் திரும்பத் திரும்பச் சொல்லும் ‘அருள்நிறைந்த மரியே’ செபத்தை ஒருமுறை முணுமுணுத்தாள். பதினைந்து நொடி. நடுவே ‘சேசு’ என்று இயேசுவின் பெயர் வந்தபோது அவள் தலையும் தானாகக் குனிந்தது. பழக்கிவிட்டதே அம்மாதான்.

மறுபடி படுக்கவைக்கும்போது சொன்னாள்.

“உள்ள செபமால சொல்லாதீங்கம்மா. தல குனியுது.”

“மனசுக்குள்ளதானடி சொன்னேன்?”

“அதுவும் வேணாம்மா.”

ஜெபமாலையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த முறை கோடு எகிறவே இல்லை. இவ்வளவு அசையாத தலையை ஜாஸ்பின் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. மூக்குப் பக்கத்துக் கோணலை எடுத்தாள். நரம்புகளை வரையவிட்டாள். அவை நேராகக் கட்டிக்குள் புகுந்து போயின. தன் திருத்தத்தில்தான் பிழையோ என்று முதலிலிருந்து மறுபடி செய்தாள். பிழை இல்லை. அம்மா ஆடியிருந்தால் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும் என்று தோன்றியது. அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. அதுவும் சற்று நேரத்தில் மரத்துப்போனது.

வெளியே அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“இந்தத் தடவ ஆடாமக் கெடந்தேனா?”

“ஆடவே இல்லம்மா. படம் தெளிவா வந்துருச்சு.”

“சேசுவே, ஒமக்கு நன்றி” என்று ஜெபமாலையம்மாள் தலை குனிந்தாள்.

ஜாஸ்பினின் தலை குனியவில்லை.