லேயர் கலையாத கிளாஸுக்கு ஒரு பிரிட்ஜ்

ஆலையடிவேம்பு அரிசி ஆலையை முதுகுக்குப் பின்னால் விட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு ஷாப்பிங் பை. அதற்குள் ஒரு சாரன், ஒரு சேர்ட், ஒரு சவர்க்காரத் துண்டு. மற்றதையெல்லாம் கடல் முன்னமே எடுத்துக்கொண்டதால் சுமை குறைவு. சுனாமியில் இப்படியும் ஒரு வசதி.

உமித் தூசியில் எனக்கு இருமல் பிடித்திருந்தது. "வெளிய போய் இருமிட்டு வா" என்றார் முதலாளி. வெளியே போனேன். திரும்பி வரவில்லை... அவ்வளவுதான் என் ராஜினாமா.

நிந்தவூர் தாண்டியதும் ஒரு வெள்ளை ஜீப் பக்கத்தில் வந்து நின்றது. கதவில், துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர். அந்த நாட்களில் எங்கள் கரையோரத்தில் காகத்துக்கு அடுத்தபடி அதிகம் காணப்பட்டது இந்த ஜீப்தான். உள்ளே கொழும்பிலிருந்து வந்த ஒரு மிஸ்.

"தம்பி, இங்கிலீஷ் தெரியுமா?"

"கொஞ்சம்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நீர்கொழும்பு ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவியபோது பொறுக்கியெடுத்த இங்கிலீஷ் அது.

"கிளாஸ் கழுவத் தெரியுமா?"

அது நன்றாகவே தெரியும் என்றேன். ஏறச் சொன்னார். இப்படித்தான் நான் ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தில் உத்தியோகத்தன் ஆனேன்.

இந்தக் கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? போன வாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்கு அடுத்த பக்கத்தில் ஒரு சமையல் குறிப்பு வந்திருந்தது — 'கோடை ஒன்றுகூடலுக்கு பெர்ரி யோகட் பார்ஃபே'. உயரமான கண்ணாடிக் கிளாஸ். அடியில் பிஸ்கட் தூள், அதன் மேல் யோகட், அதன் மேல் பழம், மறுபடி யோகட், மறுபடி பழம். குத்தி எடுக்க ஒரு நீண்ட ஸ்பூன். படத்தில் அழகாகத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இதே பார்ஃபேயைத்தான் சுனாமியில் வாழ்வாதாரம் இழந்த பெண்களுக்கு நாங்கள் சாய்ந்தமருதில் வைத்துச் சொல்லிக்கொடுத்தோம்.

ஆம், பார்ஃபே. வலை இழந்தவர்களுக்கு, தையல் மெஷின் இழந்தவர்களுக்கு, வீட்டோடு புருஷனையும் இழந்தவர்களுக்கு... பார்ஃபே.

உல்லாசப் பயணிகள் வந்து குவியப்போகிறார்கள் என்று எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் யாரோ முடிவெடுத்திருந்தார்கள். வந்தவர்களுக்குச் சாப்பிட ஏதாவது வேண்டாமா? அப்போது எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தவர்கள் இரண்டே வகை. ஒன்று, சீருடை போட்டவர்கள். மற்றது, ஃபைல் தூக்கியவர்கள். சண்டை மறுபடி தொடங்கும் என்று டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை.

முதல் நாள் மிஸ் விளக்கினார். "கோடை ஒன்றுகூடல் எண்டா, வெயில் காலத்தில எல்லாரும் வெளிய கூடி, குளிர்ச்சியா இனிப்புச் சாப்பிடுறது."

"வெயிலுக்கு ஏன் மிஸ் வெளிய போகணும்?" என்று ஒரு குரல்.

அதுதான் ஹபீபா ராத்தா — எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள். மிஸ் ஃபைலில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

ஹபீபா ராத்தாவுக்குக் கடற்கரையோரம் ஒரு வீடு இருந்தது. வீட்டில் ஒரு பிரிட்ஜ் இருந்தது. அந்தப் பிரிட்ஜில் ஐஸ் பக்கட் போட்டு — கலர்த் தண்ணியும் சீனியும் சின்னப் பையில் கட்டி உறையவைத்து — பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்றுத்தான் குடும்பம் ஓடியது. அலை வந்து புருஷனையும் வீட்டையும் பிரிட்ஜையும் ஒரே தடவையில் முடித்துவிட்டுப் போனது. இப்போது கூடப்பிறந்த தம்பியின் வீட்டு வளவுக்குள், அங்கிருந்து கரண்ட் இழுத்த ஒரு தகரக் கொட்டில். இரண்டு பிள்ளைகள். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகிற ஏஜென்ட் ஒருவன் வந்து வந்து போய்க்கொண்டிருந்தான். பாஸ்போட் தயார்.

பயிற்சியின் முடிவில் ஒரு போட்டி. முதலாவதாக வருபவருக்குப் புத்தம் புதிய பிரிட்ஜ்.

"பிரிட்ஜ் கிடைச்சா நான் எங்கயும் போகமாட்டன் தம்பி" என்றார் ராத்தா. "கிடைக்காட்டி புள்ளையள உம்மாட்ட விட்டுட்டு ஏறிருவன்."

இதை அழுதுகொண்டு சொல்லவில்லை. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடியே சொன்னார்.

தயிர் பிரச்சினை இல்லை. எங்கள் பக்கத்து எருமைத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் அசையாது. பெர்ரிதான் பிரச்சினை. கொழும்பிலிருந்து டின்னில் அடைத்து வரவேண்டிய பெர்ரி, ஹர்த்தாலில் பாதை மூடி எங்கோ நடுவழியில் நின்றுவிட்டது. கடைசியில் காட்டோரத்துப் பெண்கள் கொண்டுவந்து விற்ற நாவற்பழத்தையும் பாலைப்பழத்தையும் வாங்கினோம். மிஸ் அவற்றுக்கு 'லோக்கல் பெர்ரி' என்று பெயர் வைத்தார். பாலைப்பழத்தின் பால் உதட்டில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு யாரும் குறை சொல்ல வாய் திறக்க முடியாது. திட்டத்துக்கு மிகப் பொருத்தமான பழம்.

ஒரு கிழமை முழுக்க எல்லோரும் லேயர் பழகினார்கள்.

"ஹபீபா, உன்ட லேயர் சரிஞ்சி நிக்கி" என்றார் பக்கத்து மேசைச் சிவமணியக்கா. வடக்கே பாண்டிருப்பில் தமிழ் மீனவக் குடும்பம். தோணி போய், முகாமில் இருந்தவர்.

"சரிஞ்சா என்னகா? உன்டய மாதிரி மூக்கு வடியல்லயே."

"வடியிறது நாவல். அது அழகு."

"ஓம் ஓம். அழகுக்கு நீ, அறிவுக்கு மிஸ்."

ராத்தா என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஏன் இது கோடு கோடா நிக்கணும் எண்டு அடம்பிடிக்கிறாங்க? வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்டுதானே."

"வயித்துக்கு மார்க் இல்ல ராத்தா. கண்ணுக்குத்தான்."

"அப்ப கண்ணாலயே திங்கட்டும்" என்றார். ஆனாலும் பழகினார். சும்மா சொல்லக்கூடாது — மூன்றாம் நாள் அவருடைய கிளாஸை ஸ்கேல் வைத்து அளக்கலாம் போலிருந்தது.

போட்டி நாள். கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் ராத்தாவும் சிவமணியக்காவும். மண்டபத்துக்கு வெளியே கூடாரம். இரண்டு வரிசை விருந்தினர். காசு கொடுத்த நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் கதிரை மேசை — அவர்களுக்குப் பரிமாறும் பொறுப்பு சிவமணியக்காவுக்கு. ஊர்ப் பெரியவர்களுக்குப் பாய் — அது ஹபீபா ராத்தாவின் பங்கு. ஊருக்கு இருபது அழைப்பு போயிருந்தது. அதனால் இருபது கிளாஸ்.

இங்கேதான் திட்டம் சறுக்கியது. எங்கள் ஊரில் ஒருவரை விருந்துக்குச் சொன்னால் அவர் தனியாகவா வருவார்? மச்சானைக் கூட்டி வருவார். மச்சான் மருமகனைக் கூட்டி வருவார். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். வந்தவர்கள் கையைக் கழுவினார்கள். பாயில் நாலைந்து பேராக வட்டம் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் இடம் விட்டார்கள். சஹன் வைப்பதற்கு. ஒரு பெரிய தட்டு, அதைச் சுற்றி ஒன்றாக இருந்து சாப்பிடுகிற நாலைந்து பேர் — வேறு மாதிரி விருந்து சாப்பிட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை.

அந்த நடு இடத்தில் ராத்தா வட்டத்துக்கு இரண்டு கிளாஸ் வைத்துக்கொண்டு போனார்.

பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்காயர் ஒருவர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மருந்துப் போத்தல் பார்ப்பதுபோல.

"புள்ள, இது யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான் மாமா."

"அப்ப இவருக்கு?"

"கிளாஸ் பத்தல்ல மாமா..."

"நான் திங்கிறத இவர் பாத்துக்கிட்டு இரிக்கணுமா? இவர் என்ன, நோன்பா?"

கிளாஸைப் பாயில் வைத்தார். அவர் வைத்ததும் மற்றவர்களும் வைத்தார்கள். கோபமில்லை. கழுவிய கையை மடியில் வைத்துக்கொண்டு, வருவது வரட்டும் என்று காத்திருந்தார்கள். மேலே வெயிலில் காயும் கூடாரம், கீழே பாய், நடுவில் உருகத் தொடங்கிய லேயர்.

ராத்தா பக்கத்துப் பள்ளிவாசலுக்கு ஆள் அனுப்பினார். சஹன் தட்டுகள் வந்தன.

எனக்கு விளங்கிவிட்டது. "ராத்தா, கவுத்தா பிரிட்ஜ் போயிரும்" என்றேன் மெதுவாக.

"தெரியும்."

"மிஸ் இன்னும் மார்க் போடல்ல. கொஞ்சம் பொறுங்க."

"கை கழுவிட்டு இரிக்கிற மனிசன எவ்வளவு நேரம் பாக்க வெக்கிறது?" என்றார்.

கவிழ்த்தார். ஒன்று... இரண்டு... இருபதும். அலங்காரத்துக்குத் தொங்கவிட்டிருந்த வாழைக்குலையிலிருந்து பழத்தைப் பிய்த்து உரித்துப் போட்டார். மேலே சீனி. மிச்சமிருந்த தயிர் முழுவதும். மரைக்காயர் பிஸ்மி சொல்லிக் கையை வைத்து ஒரு பிசை பிசைந்தார். ஒரு கிழமைப் பயிற்சி அந்த ஒரு பிசையில் முடிந்தது.

"நல்லா இரிக்கி புள்ள" என்றார். "இத ஏன் போத்தலுக்குள்ள அடைச்சி வெச்சிருந்த?"

கதிரைப் பக்கம் என்ன நடந்தது? வெளிநாட்டு விருந்தினர் கிளாஸைப் போட்டோ எடுத்தார்கள். சிரித்தார்கள். கிளாஸோடு சேர்ந்து நின்று மறுபடி எடுத்தார்கள். பிறகு அப்படியே வைத்துவிட்டுத் தங்கள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தார்கள். வயிற்றுப்போக்குக்குப் பயம். ஒருவர்கூட வாயில் வைக்கவில்லை. எங்களுக்குப் பார்ஃபே செய்யச் சொல்லிக்கொடுக்கக் காசு கொடுத்தவர்கள் அவர்கள்.

மிஸ் பாய்ப் பக்கம் வந்தார். வெறும் கிளாஸ்களைப் பார்த்தார்.

"லேயர் எங்கே?"

"உள்ளே போயிற்று மிஸ்" என்றேன்.

முதல் பரிசு சிவமணிக்கு. லேயர் கலையாத, ஒருவரும் தொடாத, அழகான கிளாஸ்களுக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். ராத்தாவும் தட்டினார். ஜீப்பில் ஏற்றிய பிரிட்ஜ் அன்றே பாண்டிருப்பு முகாமுக்குப் போனது. முகாமில் கரண்ட் இல்லை; இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி இருக்கவில்லையாம்.

பயிற்சி முடிந்தது. கழுவக் கிளாஸ் இல்லை. என் உத்தியோகமும் முடிந்தது. இரண்டு நாள் கழித்து ஷாப்பிங் பையோடு புறப்பட்டபோது, போய்வருகிறேன் என்று சொல்ல ராத்தாவின் கொட்டிலுக்குப் போனேன். பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். ராத்தா தன் உடுப்பையும் பிள்ளைகளின் உடுப்பையும் தனித்தனியாக மடித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் ஏஜென்ட் பாஸ்போட் எடுக்க வருகிறானாம். சின்னவள் மடித்ததையெல்லாம் கலைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் சிவமணியக்கா. பஸ்ஸில் வந்திருந்தார்.

"என்னகா, பிரிட்ஜ் என்ன சொல்லுது?" என்றார் ராத்தா.

"என்ன சொல்லும்? பிள்ளையள்ட கொப்பி, என்ட சீலை, ரெண்டு கிலோ அரிசி. எலி போகாது. நல்ல அலுமாரி."

"பிறகென்ன."

"உனக்குக் கரண்ட் இரிக்கி. எனக்குப் பிரிட்ஜ் இரிக்கி. நான் பக்கட் கட்டித் தாறன், நீ உறைய வை. உங்கட பள்ளிக்கூடத்துக்கு நீ, எங்கட பள்ளிக்கூடத்துக்கு நான்."

ராத்தா மடிப்பதை நிறுத்தவில்லை. "ஹர்த்தால் வந்தா? அங்கயும் இங்கயும் அடிபட்டா? பிரிட்ஜ் எங்கட பக்கம் மாட்டிக்கிடும்."

"மாட்டினா மாட்டட்டும். உருகாமத்தானே கிடக்கும்."

"உங்கட ஆக்கள் உன்னக் கேப்பாங்க."

"உங்கட ஆக்கள் உன்னக் கேக்கமாட்டாங்களா? ரெண்டு பேரும் ஏச்சுக் கேப்பம்."

ராத்தா கையிலிருந்த கடைசிச் சட்டையையும் மடித்து முடித்தார். பிறகு ராத்தா, மடித்த உடுப்பையெல்லாம் மறுபடி ஒரே பெட்டிக்குள் போட்டார்.

"தம்பி, ஏஜென்ட்டுக்கு நாளைக்கு வரவேணாம் எண்டு சொல்லணும்."

"ஒரு சிக்கல் கிடக்கு" என்றார் சிவமணியக்கா. "மாசாமாசம் மிஸ் வந்து பாப்பாவாம், பிரிட்ஜ் என்ட இடத்திலதான் நிக்குதா எண்டு. அண்டைக்கு மட்டும் அத பாண்டிருப்புக்குக் கொண்டுவந்து, மிஸ் போனதும் திருப்பி இஞ்ச..."

இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் ஷாப்பிங் பையைப் பார்த்தேன்.

மறுநாள் காலை, இரவல் வாங்கிய தள்ளுவண்டியில் பிரிட்ஜை நிமிர்த்தி நிற்கவைத்து, கயிற்றால் கட்டி, பாண்டிருப்பிலிருந்து தெற்கே தள்ளிக்கொண்டு வந்தேன். கல்முனை டவுன் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் கதவைத் திறந்தார். வெறுமையாக இருந்தது. குனிந்து ஐஸ் பெட்டிக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தார்.

எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார்.

"வேலைக்கு, சேர்" என்றேன்.